போய்ப் பார்த்தவர்கள் சொன்னது

(தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் எங்கள் குழுவினர் ஆற்றிய உரை)



விடியக் காலையில் பிரட்டுக்குப் போய், நாள் முழுக்க மலையில் நின்று, பின்னேரம் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

கடந்த வருஷம் நமது தோட்டங்களிலிருந்து சிலர் இந்தியாவுக்குப் போய் வந்தார்கள். கோயில் குளம் பார்க்கப் போன பயணம் இல்லை. நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பக்கம் வாழுகிற நம்ம ஆட்களைப் பார்க்கப் போன பயணம். நாங்களும் துணைக்குப் போனோம். "என்னா பார்த்தீங்க, சொல்லுங்க" என்று அன்றையிலிருந்து பல பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அதைத்தான் இன்று சொல்லப் போகிறோம்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம்ம பெரியவர்கள் சொல்லுவார்கள். அந்த வரிசையிலேயே சொல்லுகிறோம்.

கேட்டது

இளம் பிள்ளைகளுக்காகப் பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம்ம மக்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். அதில் கணக்கெடுத்த 975,000 பேரில் 525,000 பேரை இந்தியா எடுப்பது, 300,000 பேரை இலங்கை ஏற்பது என்று எழுதினார்கள். மிச்சம் 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மூட்டையை நிறுத்துப் பிரிக்கிற மாதிரி பிரித்தார்கள். லயத்திலே இருந்த நம்ம சனத்திடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 

ஒரே காம்பராவில் பிறந்த அண்ணனுக்கு இந்தியாப் பாஸ்போட், தங்கச்சிக்குச் சிலோன் பிரஜாவுரிமை. அப்படித்தான் குடும்பங்கள் பிரிந்தன. 1973, 74 பஞ்சத்தில் பசி தாங்காமல் போனவர்களும் உண்டு. 1977, 1983 கலவரங்களுக்குப் பயந்து போனவர்களும் உண்டு. கோச்சியில் தலைமன்னார் போய், அங்கே கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். மொத்தத்தில் நான்கு இலட்சத்துக்கும் அதிகமானோர் போய்விட்டார்கள். 1980களில் போர் வந்தபின் அந்தக் கப்பலும் நின்றது. கடுதாசியும் குறைந்து போனது.

கடுதாசி நின்ற இடத்தில் கதை வளர ஆரம்பித்தது. நம்ம லயங்களில் இரண்டு விதமான கதை உண்டு. ஒன்று, "ஊருக்குப் போனவங்க எல்லாம் நாசமாப் போயிட்டாங்க, நடுத்தெருவுல நிக்கிறாங்க" என்பது. இன்னொன்று, "போனவங்க காணி பூமி வாங்கி, மச்சு வீடு கட்டி, நம்மள மறந்துட்டாங்க" என்பது. ஒரே வாய் இரண்டையும் சொல்லும். இரண்டுக்கும் முடிவு ஒன்றுதான்: "அவங்க வேற, நாம வேற."

அந்தப் பக்கத்திலும் இதே மாதிரிக் கதை இருக்கிறது. "சிலோன்ல சோத்துக்கே வழியில்லையாமே?" என்று எங்களைக் கேட்டார்கள். 2022ஆம் ஆண்டு நாடு வங்குரோத்தாகி, எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாம் வரிசையில் நின்றதும், தமிழ்நாட்டு அரசாங்கம் அரிசி, பால்மா, மருந்து அனுப்பியதும் அவர்கள் மனசில் நன்றாகப் பதிந்திருக்கிறது. இப்போதும் நாம் வரிசையில்தான் நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கண்டது

தேயிலை மலையைக் கண்டதும் நம்ம பெண்களுக்குக் கையும் காலும் நிற்கவில்லை. "இந்தக் கொழுந்து முத்திப் போச்சே, ஏன் விட்டு வச்சிருக்காங்க?" என்று ஒரு அக்கா கேட்டார். அங்கே பல இடத்தில் கையால் கிள்ளுவதை விடக் கத்தரியால் வெட்டித்தான் எடுக்கிறார்கள். ஆள் பற்றாக்குறை. பழைய தொழிலாளர்களின் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள். நம்ம பிள்ளைகள் கொழும்புக்குப் போவது மாதிரித்தான்.

தமிழ்நாட்டு வனத்துறை 1968இல் இவர்களுக்காகத் தேயிலை பயிரிட ஆரம்பித்தது. அதுவே பின்னால் டான்டீ என்ற அரசாங்கத் தேயிலைக் கழகமானது. காட்டை வெட்டி, கன்று நட்டு, அந்த மலைகளை உண்டாக்கியதில் பெரும்பங்கு நம்ம ஆட்களுடையது. வேறு பலரைக் கன்னியாகுமரிப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கும், கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர் ரப்பர் தோட்டங்களுக்கும் அனுப்பினார்கள். சிலருக்குக் கடை வைக்கச் சிறு கடன் கொடுத்தார்கள். கொழுந்து கிள்ளிய கைக்கு யாவாரம் எப்படித் தெரியும்? கடன் கரைந்து, பழையபடி மலையேறித் தேயிலையைத் தேடி வந்தவர்கள் நிறைய.

அங்கே உள்ள லயத்துக்குள் போனால் நம்ம வீட்டுக்குள் போனது மாதிரி இருக்கிறது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் இன்னும் "பாண்" என்கிறார்கள், "சவர்க்காரம்" என்கிறார்கள். எங்களுக்குத் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும்தான் போட்டார்கள். பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு அது "பாட்டி பாஷை".

வசதி எப்படி என்று கேட்பீர்கள். நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. படித்து உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகளைக் கண்டோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் எந்த வீட்டில் இருப்பது என்று ஏங்குகிற கிழவர்களையும் கண்டோம். இங்கே நமக்குக் குளவி என்றால், கூடலூர்ப் பக்கம் அவர்களுக்கு ஆனை. விடியக் காலையில் வேலைக்குப் போகுமுன் பாதையில் ஆனை நிற்கிறதா என்று பார்த்துத்தான் காலடி வைக்கிறார்கள். மண்சரிவுப் பயமும் இரண்டு நாட்டு மலைக்கும் பொது. நமக்கு 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தை. நீலகிரிக்கும் தெற்கே, மூணாறுப் பக்கத்தில், 2020 ஓகஸ்ட் 6ஆம் திகதி இரவு பெட்டிமுடி லயங்கள் மண்ணுக்குள் போய் 70 பேர் இறந்தார்கள். அவர்களும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களே.

ஆக, நாசமாய்ப் போனார்கள் என்ற கதையும் சரியில்லை, மச்சு வீட்டுக் கதையும் சரியில்லை. ஆனால் இவ்வளவும் கண்ணுக்குத் தெரிந்தது மட்டுந்தான்.

விசாரித்தது

எங்களோடு வந்தவர்களில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா இருந்தார். பெயர் வேண்டாம். அவருடைய அண்ணன் 1973இல் குடும்பத்தோடு கப்பலேறியவர். 1979இல் இங்கே தாய் செத்தபோது தந்தி அடித்தார்கள். அண்ணன் வரவில்லை, பதிலும் இல்லை. "பெத்த தாய் செத்ததுக்கே வராதவன் எனக்கு அண்ணனா?" என்று இந்த அம்மா அன்றைக்கே மனசை மூடிவிட்டார். பயணத்துக்கும் அவராக வரவில்லை. பேத்தி வற்புறுத்திக் கூட்டி வந்தாள். "அவன் வாசப்படி மிதிக்க மாட்டேன். நான் மலையைப் பார்த்துட்டு வந்துருவேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கோத்தகிரிப் பக்கத்து லயம் ஒன்றில் அந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். அண்ணன் செத்துப் பல வருஷம். மதினி இருந்தார், கண் மங்கலாக. அம்மா வாசலிலேயே நின்றார். உள்ளே போகவில்லை. மதினிதான் பேசினார். "வந்தியா தாயி. ஒன் அண்ணன் சாவுற வரைக்கும் ஒன்னத்தான் கேட்டுக்கிட்டிருந்தாரு."

அதற்குப் பிறகுதான் கணக்கு நேரானது. இந்தியாவில் இறங்கியதும் அவர்கள் போனது திருச்சிப் பக்கம் தகப்பனின் ஊருக்கு. பங்காளிகள் "சிலோன்காரங்க பங்கு கேட்டு வந்துட்டாங்க" என்று சேர்க்கவில்லை. கொஞ்ச நாள் கூலி வேலை செய்துவிட்டு நீலகிரிக்கு ஏறினார்கள். தந்தியோ பழைய ஊருக்குப் போனது. சாவுச் செய்தி மூன்று மாதம் கழித்துத்தான் மலைக்கு வந்தது. கப்பலுக்குக் கொடுக்கக் கையில் காசில்லை. அண்ணன் கடுதாசி போட்டிருக்கிறார். அது இங்கே வருமுன் தங்கச்சி கலியாணமாகி வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். பதில் வராததால் அங்கேயும் ஒரு கதை பிறந்தது. "அம்மா காதுல கெடந்த தோட்டை வச்சுக்கிட்டு, பங்கு கேட்டுருவோம்னு பயந்துதான் கடுதாசி போடல" என்று மதினி நாற்பத்தைந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார். தோடு தாயின் வைத்தியச் செலவுக்கே அடகுக்குப் போய் மூழ்கியது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இரண்டு பேரும் அழுதார்கள். அதைப் பெரிதாகச் சொல்ல நாங்கள் வரவில்லை. அண்ணன் உயிரோடு இருந்தபோதே இந்தப் பேச்சு நடந்திருக்கலாமே என்பதுதான் எங்கள் எல்லோரின் மனசையும் அறுத்தது. கோபத்திலே போன நாற்பத்தைந்து வருஷம் இனித் திரும்பி வராது.

இன்னொன்றையும் கேளுங்கள். அங்கே ஒரு வாலிபன் எங்களிடம், "சிங்களவங்க எல்லாரும் நம்மள வெறுக்கிறவங்கதானே?" என்று கேட்டான். நாங்கள் வாயைத் திறக்குமுன் அவனுடைய தாத்தா பதில் சொன்னார். 1977இல் லயத்துக்கு நெருப்பு வைத்தவர்களும் சிங்களவர்கள்தான். அன்று இரவு தன் குடும்பத்தைக் கடைக்குள் ஒளித்து வைத்துச் சோறு போட்ட முதலாளியும் சிங்களவர்தான். "ரெண்டையும் சேர்த்துச் சொல்லணும்டா, ஒண்ணை மட்டும் சொல்லக்கூடாது" என்றார். பேரன் அந்தக் கதையை அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டான்.

அதே லயத்தின் கடைசிக் காம்பராக்களில் ஜார்க்கண்ட், அஸ்ஸாமிலிருந்து கொழுந்தெடுக்க வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களைப் பற்றி நம்ம ஆட்களே, "வடக்கத்தியான், சுத்தம் கெடையாது, நம்ப முடியாது" என்று பேசக் கேட்டோம். இந்தப் பேச்சு நமக்குப் புதுசா? இங்கே நம்மைத் "தோட்டக்காட்டான்" என்றார்கள், "கள்ளத்தோணி" என்றார்கள். அங்கே போனவர்களை "அகதி", "சிலோன்காரன்" என்றார்கள். இப்போது அதே கல்லை அடுத்தவன் மேல் எறிகிறோம். நம்மோடு வந்த ஓர் அக்கா போய் அந்த வடநாட்டுப் பெண்ணோடு கைச்சாடையில் பேசினார். அவளுடைய பிள்ளைக்குக் காய்ச்சல். இவர் கொத்தமல்லி அவித்துக் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் அந்த லயத்துப் பெண்கள் இரண்டு பேர் முதன்முதலாக அவள் வாசலில் போய் நின்று, பிள்ளை எப்படி என்று கேட்டார்கள்.

நாம் செய்யக் கூடியது

நாலு நாள் போய் வந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. கடைத்தெருவில் ஒருவன் ஏமாற்றினால் "இந்தியாக்காரனே இப்படித்தான்" என்று திரும்பி வருகிறவனும் உண்டு. ஒரு வீட்டில் நல்லாச் சாப்பிட்டுவிட்டு "அங்கே சொர்க்கம்" என்று சொல்லுகிறவனும் உண்டு. இரண்டு பேரும் விசாரிக்காமல் வந்தவர்கள். ஒரு நாட்டை அறிய வேண்டுமானால் அங்கே வேலை செய்கிறவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். சம்பளம் என்ன, பிள்ளை எங்கே படிக்கிறது, நோய் வந்தால் எங்கே போகிறீர்கள் என்று கேட்க வேண்டும். அவர்கள் கேட்பதற்கும் ஒளிக்காமல் பதில் சொல்ல வேண்டும்.

மத்திய கிழக்குக்குப் போகப் பெயர் கொடுத்திருக்கிற பிள்ளைகளுக்கும் இதுவே. அங்கே எல்லாம் தங்கம் என்று ஏஜென்சிக்காரர் சொல்லுவதையும் நம்பாதீர்கள், எல்லாம் நரகம் என்று சொல்லுவதையும் நம்பாதீர்கள். போய் வந்த நாலு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் காலடி எடுத்து வைக்காதீர்கள்.

எல்லோராலும் கடல் தாண்ட முடியாது. பாஸ்போட்டுக்கும் பயணத்துக்கும் எவ்வளவு செலவாகும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் தோட்டத்துக்குக் கீழே ஒரு சிங்களக் கிராமம் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அங்கே ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்திருக்கிறோம்? அவர்களில் எத்தனை பேர் நம்ம லயத்துக்குள் வந்திருக்கிறார்கள்? அதற்குப் பாஸ்போட்டும் வேண்டாம், கப்பலும் வேண்டாம்.

கடைசியாக ஒரு வேலை. உங்கள் குடும்பத்தில் ஊருக்குப் போனவர்கள் இருந்தால், அவர்களுடைய பெயர், தகப்பன் பெயர், இங்கே இருந்த தோட்டம், டிவிஷன், போன வருஷம், கடைசியாகக் கிடைத்த விலாசம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், நம்ம பிள்ளைகள் எழுதுவார்கள். அடுத்த முறை போகிறவர்கள் கையில் அந்தத் தாளைக் கொடுத்து அனுப்புவோம். எல்லோரையும் கண்டுபிடிப்போம் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் வயசானவர்கள் இருக்கும்போதே தேட வேண்டும். ஆகவே இந்த மாதமே எழுதுங்கள்.