சுவருக்கு அந்தப் பக்கம் என்ன சத்தம்?

(தொழிலாளர் படிப்பகம் ஒன்றில் ஞாயிறு மாலை நடந்த கூட்டத்தில், கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் பேசியது.)

தோழர்களே!

சென்ற மாதம் இதே கூடத்தில் ஒரு படம் போட்டுக் காட்டினோம். படம் முடிந்ததும், ஸ்பின்னிங்கில் வேலை செய்யும் தோழர் ஒருவர் எழுந்து கேட்டார்: "ஹிட்லர் கொடுமையைப் பற்றிய படம் என்று சொல்லிக் கூட்டி வந்தீர்கள். ஒரு அடி இல்லை, உதை இல்லை. யாரோ ஒரு ஆபீஸர் வீட்டையும், அவன் பெண்டாட்டி வைத்த பூந்தோட்டத்தையும் ஒன்றே முக்கால் மணி நேரம் காட்டுகிறானே, இது என்ன படம்?"

எல்லோரும் சிரித்தார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. நடவு வேலைக்கும் களை எடுக்கவும் போகிறவர். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "அந்தச் செடிக்கெல்லாம் சாம்பல் போட்டானே, அது எதை எரித்த சாம்பல்?"

கூடம் அமைதியாகிவிட்டது.

தோழர்களே, அந்த அம்மா கேட்ட கேள்விதான் படம். அன்று நேரமாகிவிட்டதால் விளக்க முடியவில்லை. இன்று அந்தப் படத்தைப் பற்றியும், அதை எடுத்த டைரக்டரைப் பற்றியும் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். சினிமாக் கலையில் நிபுணன் அல்ல. நான் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

விற்பனைக்குப் போன திறமை

டைரக்டரின் பெயர் ஜானதன் கிளேஸர். 1965-ம் ஆண்டில் லண்டனில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். நாடக மேடை அமைக்கும் கலையைக் கல்லூரியில் கற்றவர். அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது முதலில் சினிமா அல்ல, பாட்டுப்படம். மியூசிக் வீடியோ என்கிறார்களே, நம் வீட்டுப் பிள்ளைகள் செல்போனில் பார்க்கும் மூன்று நான்கு நிமிஷப் படம், அதுதான்.

பாட்டுப்படம் எதற்காக எடுக்கப்படுகிறது? பாட்டை விற்பதற்காக. இசைத்தட்டுக் கம்பெனி பணம் போடுகிறது. டைரக்டர் கண்ணைக் கவரும்படி எடுத்துக் கொடுக்கிறார். அந்தத் தொழிலில் கிளேஸர் கெட்டிக்காரர். 1996-ம் ஆண்டில் 'ஜமிரோக்வாய்' என்ற குழுவுக்கு ஒரு பாட்டுப்படம் எடுத்தார். பாடகர் ஆடிக்கொண்டிருக்கிறார், தரையே அவரை இழுத்துக்கொண்டு ஓடுவது போல் தெரிகிறது. உண்மையில் தரை அசையவே இல்லை. சுவர்களை நகர்த்தினார்கள், சுவரோடு சேர்ந்து காமிராவும் நகர்ந்தது. பார்க்கிறவன் கண் ஏமாந்து போயிற்று. மறு ஆண்டு அமெரிக்காவின் எம்.டி.வி. அதைத்தான் ஆண்டின் சிறந்த பாட்டுப்படமாகத் தேர்ந்தெடுத்தது.

1998-ல் எடுத்த இன்னொரு பாட்டுப்படத்தைச் சொல்ல வேண்டும். நீண்ட சுரங்கப் பாதை. ஒரு மனிதன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு நடுரோட்டில் நடக்கிறான். கார்கள் அவனை இடித்துத் தள்ளிவிட்டுப் போகின்றன. விழுகிறான், எழுகிறான், மறுபடி நடக்கிறான். மறுபடி இடி, மறுபடி எழுகிறான். கடைசியில் மேல்கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, இரு கைகளையும் விரித்து நிற்கிறான். பாய்ந்து வந்த கார் அவன் மேல் மோதி, கார்தான் நொறுங்குகிறது! அவர் என்ன கருத்தில் எடுத்தாரோ, நம்மைப் போன்றவர்கள் பார்த்தால் நமக்கு ஒரு பொருள் தோன்றாமல் இராது.

கெட்டிக்காரனை முதலாளித்துவம் சும்மா விடுமா? விளம்பரக் கம்பெனிகள் வந்தன. 1999-ல் கின்னஸ் பீருக்காக ஒரு விளம்பரம்: கடல் அலைக்குள்ளிருந்து வெள்ளைக் குதிரைகள் பாய்ந்து வரும். அதற்குப் பெரும் புகழ். 2006-ல் சோனி டெலிவிஷனுக்காக இன்னொன்று: ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரில், இடிப்பதற்காக ஒதுக்கிவைத்திருந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல் 70,000 லிட்டர் பெயிண்டை வெடிக்க வைத்தார்கள். சாதாரண ஜனங்கள் வாழ்ந்து விட்டுப்போன கட்டிடம், வண்ண டெலிவிஷன் விற்க வாண வேடிக்கை ஆயிற்று.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? நெய்கிறவனிடம் கைத்திறன் இருக்கிறது. அந்தத் திறன் யாருக்காக உழைக்கிறது என்பதுதான் கேள்வி. காமிராக்காரனுக்கும் அதே கேள்விதான். கிளேஸர் அந்தப் பாதையிலேயே போயிருந்தால் நாம் அவரைப் பற்றி இங்கே பேச வேண்டியதே இல்லை.

23 வருஷம், நான்கு படம்

அவருடைய முதல் சினிமா 2000-ல் வந்த 'செக்ஸி பீஸ்ட்'. திருட்டுத் தொழிலை விட்டுவிட்டு ஸ்பெயினில் ஒதுங்கி வாழ்கிறவனைப் பழைய கூட்டம் விடாமல் துரத்தும் கதை. 'காந்தி' படத்தில் காந்தியாக நடித்த பென் கிங்ஸ்லியை இதில் ஈவிரக்கமற்ற ரவுடியாக நடிக்க வைத்தார்! அடுத்தது 2004-ல் 'பர்த்'. மூன்றாவது 2013-ல் 'அண்டர் தி ஸ்கின்'. அதில் பெரிய நட்சத்திரமான ஸ்கார்லெட் ஜொஹான்ஸனை ஒரு வேனில் உட்கார வைத்து, கிளாஸ்கோ தெருக்களில் ஓட்டச் சொன்னார். வேனுக்குள் மறைவாகக் காமிராக்கள். தெருவில் போன ஜனங்களுக்குப் படப்பிடிப்பு நடப்பதே தெரியாது. இந்த மறைவுக் காமிரா வித்தையை நினைவில் வையுங்கள்.

நான்காவது படம் 2023-ல் வந்தது. 23 வருஷங்களில் நான்கே படங்கள். அந்த நான்காவதுதான் நாம் பார்த்த 'தி ஜோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்'.

அந்த வீடு யாருடையது?

போலந்தில் ஆஷ்விட்ஸ் என்ற இடத்தில் நாஜிகள் 1940-ல் ஒரு சிறை முகாம் திறந்தார்கள். சுற்று வட்டாரத்தில் சுமார் 40 சதுர கிலோமீட்டர் நிலத்தைக் கைப்பற்றி, அங்கிருந்த கிராமத்து ஜனங்களை விரட்டினார்கள். 'எங்கள் நலனுக்குரிய வட்டாரம்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அதுவே படத்தின் தலைப்பு.

முகாமின் வாசலில் "உழைப்பு விடுதலை தரும்" என்று எழுதி வைத்தார்கள். எப்படிப்பட்ட உழைப்பு? எப்படிப்பட்ட விடுதலை? ஐ.ஜி. ஃபார்பன் என்ற பெரிய ரசாயனக் கம்பெனி முகாமுக்குப் பக்கத்திலேயே தொழிற்சாலை கட்டியது. தொழில் தெரிந்த கைதிக்கு நாளொன்றுக்கு 4 மார்க், தெரியாதவனுக்கு 3 மார்க் என்று கணக்குப் போட்டு நாஜிகளிடம் கட்டியது. கைதிக்குக் காசு கிடையாது. உழைக்க முடியாமல் விழுந்தவனுக்கு விஷவாயு. பிணங்களை எரிக்கும் உலைகளைக் கட்டிக் கொடுத்ததும் 'டோப்ஃப்' என்ற ஒரு தனியார் கம்பெனிதான். அங்கே மாண்டவர்கள் சுமார் 11 லட்சம் பேர். அவர்களில் சுமார் 10 லட்சம் பேர் யூதர்கள். போலந்து மக்கள், ஜிப்ஸி மக்கள், சோவியத் போர்க் கைதிகள் மற்றவர்கள்.

இந்த முகாமின் தளபதி ருடால்ஃப் ஹோஸ். முகாமின் சுவரை ஒட்டித்தான் அவனுடைய வீடு. மனைவி, ஐந்து குழந்தைகள், தோட்டம், குளிக்கத் தொட்டி. படம் இந்த வீட்டை விட்டுச் சுவரைத் தாண்டி முகாமுக்குள் நுழைந்து ஒரு கைதியின் வதையையும் காட்டவில்லை.

ஆனால் சத்தம் கேட்கிறது, தோழர்களே! துப்பாக்கி வெடிக்கிறது. நாய் குரைக்கிறது. யாரோ அலறுகிறார்கள். உலையின் உறுமல் இரவும் பகலும் ஓயவில்லை. இந்தச் சத்தத்தை அமைக்க ஜானி பர்ன் என்ற ஒலி நிபுணர், முகாமில் என்ன நடந்தது என்ற சாட்சியங்களைத் திரட்டி 600 பக்கத்துக்குக் குறிப்பு எழுதினார்.

ஆலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் உங்களுக்கு நினைவிருக்கும். மெஷின் சத்தத்தில் காது அடைத்துப் போகும். ஒரு மாதம் போனால்? சத்தம் அப்படியேதான் இருக்கும், நமக்குத்தான் கேட்காது. ஹோஸ் வீட்டாரின் காதும் அப்படித்தான் பழகிவிட்டது. ஆனால் ஒரு வித்தியாசம். நம் காது வயிற்றுப்பாட்டுக்காகப் பழகியது. அவர்கள் சுகவாழ்வுக்காகக் காதைப் பழக்கிக்கொண்டார்கள்.

கைதிகளிடம் பறித்த ரோமக் கோட்டை அந்த மனைவி கண்ணாடி முன் போட்டுப் பார்க்கிறாள். வேலைக்காரப் பெண்ணிடம் கோபம் வந்தால், உன்னைச் சாம்பலாக்கி வயலில் தூவச் சொல்வேன் என்று சாதாரணமாகச் சொல்கிறாள். புருஷனுக்கு இடமாற்றம் வந்தபோது, இந்த வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வரமாட்டேன் என்று அடம் பிடிக்கிறாள்.

இதையெல்லாம் அவர் எப்படிப் படமாக்கினார்? முகாமுக்கு அருகிலேயே பழைய வீடு ஒன்றைச் செப்பனிட்டு, முன்கூட்டியே தோட்டம் போட்டு வளர்த்தார். அறைகளில் சுமார் 10 காமிராக்களை மறைத்து வைத்தார். படப்பிடிப்பு விளக்குகள் இல்லை. டைரக்டர் வேறிடத்தில் உட்கார்ந்து திரையில் பார்த்தார். நடிகர்கள் அந்த வீட்டில் வாழ்வது போலவே நடமாடினார்கள். அதனால்தான் அது சினிமாவாகத் தெரியாமல் பக்கத்து வீடாகத் தெரிகிறது. சுவரை நகர்த்திக் கண்ணை ஏமாற்றிய அதே கெட்டிக்காரர், இப்போது நகராத ஒரு சுவரை வைத்துக் கண்ணைத் திறக்கிறார்!

வேலைக்காரியும் ஏலமும்

படத்தில் நீங்கள் கவனிக்காமல் விட்டிருக்கக்கூடிய ஓர் இடம். மனைவியின் தாயார் விருந்துக்கு வருகிறாள். அவள் பிறப்பில் சீமாட்டி அல்ல. யூத அம்மாள் ஒருத்தி வீட்டில் துப்புரவு வேலை செய்தவள். நான் வேலை பார்த்த வீட்டு அம்மாள் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறாளோ என்னவோ என்கிறாள். அடுத்த வாய்ச்சொல் என்ன தெரியுமா? அந்த வீட்டு ஜன்னல் திரைகள் ஏலத்துக்கு வந்தபோது தனக்குக் கிடைக்காமல் போயிற்றே என்ற குறை!

பாஸிஸம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இந்த ஒரு இடம் போதும். உழைக்கிறவளின் நியாயமான கோபத்தை, உலை கட்டிக் கொடுத்துக் கொழுத்த கம்பெனிகள் பக்கம் திரும்பவிடாமல், பக்கத்து வீட்டுக்காரன் பக்கம் திருப்புகிறது. கூலியாக என்ன கொடுக்கிறது? ஏலத்தில் ஒரு ஜன்னல் திரை. அதுவும் எல்லோருக்கும் கிடைக்காது!

அந்தத் தாயாரும் இரவில் உலையின் தீயைப் பார்க்கிறாள். தாங்க முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் புறப்பட்டுப் போய்விடுகிறாள். போனாள், அவ்வளவுதான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

எதிர்த்தவளும் படத்தில் உண்டு. இரவில் சைக்கிளில் வந்து, கைதிகள் வேலை செய்யும் இடத்தில் ஆப்பிள்களை மண்ணில் புதைத்துவிட்டுப் போகும் சிறுமி. அது கற்பனை அல்ல. அலெக்ஸாண்ட்ரா என்ற போலந்துப் பெண், 12 வயதில் எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்து இப்படிச் செய்தவள். வயோதிகத்தில் அவரைக் கிளேஸர் நேரில் சந்தித்தார். படத்தில் வரும் சைக்கிள் அந்த அம்மையாருடையதே. ஒரு ஆப்பிளுக்காகச் சண்டை போட்டான் என்று ஒரு கைதியை ஆற்றில் அமுக்கச் சொல்லும் சத்தமும் பிறகு கேட்கிறது. நல்லது செய்தால் உடனே பலன் வந்துவிடும் என்று படம் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சிறுமி வந்தாள்.

1945 ஜனவரி 27-ம் தேதி சோவியத் செஞ்சேனை ஆஷ்விட்ஸ் முகாமைத் திறந்தது. உயிரோடு எஞ்சியிருந்தவர்கள் சுமார் 7,000 பேர். ஹோஸை போலந்து நீதிமன்றம் விசாரித்து, 1947 ஏப்ரல் 16-ல் அதே முகாமில் தூக்கிலிட்டது.

மேடையில் பேசியது

2024 மார்ச் 10-ம் தேதி இந்தப் படத்துக்குச் சிறந்த சர்வதேசப் படம் என்ற ஆஸ்கார் விருது கிடைத்தது. அந்த வரிசையில் பிரிட்டன் வாங்கிய முதல் விருது. கிளேஸர் மேடை ஏறினார். நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம், அப்படிச் செய்யவில்லை. மனிதனை மனிதனாக மதிக்காமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத்தான் படம் காட்டுகிறது என்றார். யூதர் என்ற தம் அடையாளத்தையும், யூதர்கள் பட்ட கொடுமையின் நினைவையும் ஓர் ஆக்கிரமிப்புக்குக் கேடயமாகப் பயன்படுத்துவதை ஏற்க மாட்டோம் என்றார். அக்டோபர் 7-ல் இஸ்ரேலில் பலியானவர்களையும், காஸாவில் தாக்கப்படுகிறவர்களையும் சேர்த்தே சொன்னார்.

உடனே எதிர்ப்பு எழுந்தது. சினிமாத் துறையைச் சேர்ந்த யூதர்கள் ஆயிரம் பேருக்கு மேல் அவரைக் கண்டித்துக் கையெழுத்திட்டார்கள். ஆஷ்விட்ஸ் நினைவகத்தின் டைரக்டரோ கிளேஸர் பக்கம் நின்று பேசினார். யூதக் கலைஞர்கள் பலரும் அவரை ஆதரித்துக் கையெழுத்திட்டார்கள்.

கிளேஸர் கம்யூனிஸ்ட் என்று நான் சொல்ல வரவில்லை. பீர் விற்ற கைதான் இந்தப் படத்தையும் எடுத்தது. ஆனால் திறமை வளர்ந்து, புகழ் வந்து, பரிசும் கையில் இருக்கும்போது, அந்தப் பக்கத்துச் சத்தம் எனக்குக் கேட்கிறது என்று சபையில் சொன்னாரே, அதை மதிக்கிறோம்.

படத்தின் கடைசியில் வருகிறவர்கள் யார் என்று பார்த்தீர்களா? ஆஷ்விட்ஸ் இப்போது நினைவகம். அங்கே துப்புரவுப் பெண் தொழிலாளர்கள் தரையைக் கூட்டுகிறார்கள். மாண்டவர்களின் செருப்புக் குவியலுக்கு முன் உள்ள கண்ணாடியைத் துடைக்கிறார்கள். அந்த நினைவில் தூசு படியாமல் காப்பது உழைக்கிறவன் கைதான்.

வருகிற ஞாயிறு மாலை இதே படத்தை மறுபடி போடுகிறோம். ஸ்பின்னிங் தோழர் அவசியம் வர வேண்டும். சாம்பலைப் பற்றிக் கேட்ட அம்மாவும் வர வேண்டும். முன்வரிசையில் இடம் போட்டு வைக்கிறோம். இந்தத் தடவை கண்ணை மட்டும் அல்ல, காதையும் தீட்டிக்கொண்டு வாருங்கள்.