சார் சத்தம் போட்டார், மேடம் கத்தினார்



எனக்கு ஊர் ஈரோட்டுப் பக்கம். சின்ன வயதில் எங்கள் வீட்டு வாசலில் அடிக்கடி நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சீட்டுப் பணம் வாங்க வந்தவரோ, கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தவரோ, யாராவது வந்து நின்று, "வூட்ல யாருமில்லீங்களா?" என்று கேட்பார். திண்ணையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருக்கும் அப்பத்தா நிமிர்ந்து பார்த்து, "யாருமில்லீங்களே" என்பார். வந்தவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அந்த நேரத்தில் உள்ளே அம்மா இருப்பார், கொல்லையில் அத்தை இருப்பார், தூணைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். நாலு பேர், நாலு பேரும் பெண்கள். ஆனால் அப்பத்தா சொன்னது பொய்யென்று எங்கள் நாலு பேருக்குமே தோன்றியதில்லை.

ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்று சமூகம் வார்த்துவைத்திருக்கும் அச்சைப் பற்றிப் பேசினால், உடனே சினிமாவையும் சீரியலையும் எடுத்துக்கொள்வோம். யார் அடுப்படியில் நிற்கிறார், யார் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்று கணக்குப் பார்ப்போம். அதெல்லாம் கண்ணில் படுகிற விஷயம். இங்கே வானொலியில் என் முகம் உங்களுக்குத் தெரியாது. குரல் மட்டும்தான். அதனால் இன்று காதைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். அச்சு காதிலும் இருக்கிறது.

இருபது வருடங்களுக்கு முன் ஒரு நிலையத்தில் குரல் தேர்வுக்குப் போனேன். ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர், "நல்லாப் படிக்கறீங்க. கொஞ்சம் சிரிச்ச மாதிரி படிச்சா இன்னும் நல்லா இருக்கும்" என்றார். தாளில் இருந்தது ஒரு பேருந்து விபத்துச் செய்தி. மூன்று பேர் இறந்திருந்தார்கள். எனக்கு அடுத்து வந்த பையனுக்கும் அதே தாள்தான். அவனை யாரும் சிரிக்கச் சொல்லவில்லை.

பெண் குரல் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் தொலைபேசி வந்த புதிதில் இணைப்புக் கொடுக்கும் வேலையைப் பையன்கள்தான் பார்த்தார்கள். அவர்கள் வாடிக்கையாளரைத் திட்டுவார்கள், குறும்பு செய்வார்கள். அதனால் 1878-ல் பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண்ணை அந்த இடத்தில் உட்காரவைத்தார்கள். பதமான குரல், பொறுமை. சம்பளமும் குறைவாகக் கொடுத்தால் போதும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொஞ்ச காலத்திலேயே அது பெண்கள் வேலை என்றாகிவிட்டது. இன்றைக்கும் லிஃப்டில் கதவை மூடச் சொல்வது, ரயில் தாமதத்துக்கு வருந்துவது, நீங்கள் அழைத்தவர் வேறு அழைப்பில் இருப்பதாகச் சொல்வது எல்லாம் பெரும்பாலும் பெண் குரல்தான். செல்போனுக்குள் இருந்து பதில் சொல்லும் சிரியையும் பல நாடுகளில் அப்படித்தான் வைத்தார்கள். அதை ஆங்கிலத்தில் அசிங்கமாகத் திட்டினால், முடிந்தால் வெட்கத்தில் சிவந்திருப்பேன் என்ற பொருளில் அப்போது பதில் சொல்லிக்கொண்டிருந்தது. யுனெஸ்கோ 2019-ல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டபோது அந்தப் பதிலையே தலைப்பாக வைத்தது. 2021-ல்தான் ஆப்பிள் நிறுவனம், ஆங்கிலத்தில் எந்தக் குரல் வேண்டும் என்பதை ஆரம்பத்திலேயே நாமே தேர்ந்தெடுக்கும்படி மாற்றியது.

சலவைத்தூள் விளம்பரங்களை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். காலர் அழுக்கைப் பார்த்து "ஐயோ" என்பது பெண் குரல். அந்தத் தூள் எப்படி வேலை செய்கிறது என்று விளக்க வருவது பல நேரம் ஆண் குரல். துவைக்கிறவருக்குத் தெரியாத சலவை!

நம் ஊர் மேடைக்கும் சினிமாவுக்கும் வருவோம். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள், எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். அந்தக் குரலைக் 'கணீர்' என்பார்கள், பெண்ணின் குரலுக்கு அதிகம் கொடுக்காத சொல். சினிமா அந்தக் குரலை எந்த உடம்புக்குள் வைத்தது என்று பாருங்கள். 1935-ல் நந்தனார், ஆண் வேடம். அதற்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் என்று ஊரே பேசியது. பிறகு மணிமேகலை, துறவி. 1953-ல் ஔவையார், கிழவி. 1964-ல் பூம்புகாரில் கவுந்தியடிகள், மறுபடி துறவி. 1973-ல் காரைக்கால் அம்மையார், அழகை வேண்டாமென்று விட்டவர். கணவர் கிட்டப்பா இறந்தபிறகு வெள்ளைச் சேலையோடு அவரே ஏற்ற விரதம் அது என்பார்கள். உண்மைதான். ஆனாலும் அந்தக் குரலில் பேசும் ஒரு சாதாரணக் குடும்பத்துப் பெண்ணை, புருஷனோடு கடைக்குப் போகிறவளை, நம்மால் நினைத்துப் பார்க்க முடிகிறதா? ஔவையே பிள்ளையாரிடம் கேட்டு இளமையைத் தொலைத்த பிறகுதானே அரசர்களுக்குப் புத்தி சொல்லப் போனார் என்று கதை சொல்கிறோம்.

எல்.ஆர். ஈஸ்வரிக்கு நடந்தது இதற்கு மறுபக்கம். கதாநாயகி அடக்கமாகப் பாட பி. சுசீலா. கிளப் டான்ஸ் என்றால் கூப்பிடு ஈஸ்வரியை. ஆடி மாதம் வந்தால் அதே தொண்டையிலிருந்து அம்மன் பாட்டு, ஊரெல்லாம் ஒலிபெருக்கி. பெண் உரக்கப் பாட நாம் கொடுத்த இடம் இரண்டு: கிளப், கோயில். நடுவில் இருக்கும் வீட்டைக் காணோம்.

ஆண்களுக்கும் இதே கதைதான். பழைய பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் மெல்லிய குரல் உள்ள பையனுக்கு ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம். சிவாஜி கணேசனே சிறுவயதில் சீதையாக நடித்தவர். மகரக்கட்டு வந்து குரல் உடைந்துவிட்டால் அந்த வேடம் போய்விடும். அப்போது அது பிழைப்பு, கேலி இல்லை. என் வகுப்பில் ஒரு பையனுக்குக் குரல் உடையவே இல்லை. தமிழ் ஐயா அவனை வாசிக்கச் சொன்னால் கடைசி பெஞ்ச் சிரிக்கும். மெல்ல மெல்ல அவன் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டான். இப்போது ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறான். கடன் கொடுக்கிறோம் என்று அழைப்பவர்கள் அவன் குரலைக் கேட்டதும், "மேடம், சார் இல்லீங்களா?" என்பார்களாம். "சார் வெளியூர் போயிருக்காருங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவானாம். எங்கள் அப்பத்தாவின் பதிலை அவன் தனக்கு லாபமாகத் திருப்பிக்கொண்டுவிட்டான்.

அலுவலகப் பேச்சைக் கவனியுங்கள். மேலதிகாரி ஆணாக இருந்து கோபப்பட்டால், "சார் சத்தம் போட்டார்." அதே கோபம், அதே சொற்கள், அதிகாரி பெண் என்றால், "மேடம் கத்துனாங்க." வாயாடி என்றால் பெண்தான் நினைவுக்கு வருகிறாள். அதற்கு ஆண்பால் தேடினால் 'பேச்சாளர்' வந்து நிற்கிறார்.

வானொலியும் இதற்கு விலக்கில்லை. 1933-ல் பிபிசி வானொலி ஷீலா பாரெட் என்பவரை முதல் பெண் அறிவிப்பாளராகப் போட்டது. புகார்க் கடிதங்கள் வந்தன, பெண்கள் எழுதியவையும் உண்டு. சில மாதங்களில் எடுத்துவிட்டார்கள். மார்கரெட் தாட்சர் அரசியலில் மேலே வர வர, பயிற்சி எடுத்துக் குரலையே தாழ்த்திக்கொண்டார். நமக்கு ஒரு கொடுப்பினை இருந்தது. டில்லியிலிருந்து, "செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி" என்று ஒரு குரல் வரும். குழைவு கிடையாது, சிரிப்பு கிடையாது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தி, அவ்வளவுதான். 2022-ல் அவர் மறைந்தபோது எனக்கு எங்கள் வீட்டுத் திண்ணைதான் ஞாபகம் வந்தது.

அந்தக் குரல் ஆரம்பித்துவிட்டால் எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, விரலை உயர்த்துவார். வீடே மூச்சுக் காட்டாது. பத்து நிமிடம், நாடாளுமன்றம் முதல் வானிலை வரை, அந்த அம்மா சொல்வதை அப்படியே தலை குனிந்து கேட்டுக்கொண்டிருப்பார். அப்பத்தா காப்பி டம்ளரோடு நிலைப்படியில் நின்று காத்திருப்பார். செய்தி முடிந்து, ரேடியோவை அணைத்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

"மளிகைக் கடைக்காரன் ஆள் உட்டிருக்கானுங்க."

அப்பாரு நிமிராமலே சொல்வார்: "எதுக்கு இப்பக் கத்தறே? மெதுவாச் சொல்லு."