இரண்டுங்கெட்டான் வயதும் நம் கதைகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

அவைத் தலைவர் அவர்களே, சங்கப் பொறுப்பாளர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, பின்னால் சுவரோரமாக நின்றுகொண்டிருக்கும் இளைஞர்களே!

சுவரோரம் நிற்பவர்களைத் தனியே அழைத்ததற்குக் காரணம் உண்டு. இன்று நான் பேச இருப்பது அவர்களைப் பற்றியே. 13 முதல் 19 வரையுள்ள வயதை நம் வீடுகளில் இரண்டுங்கெட்டான் வயது என்பார்கள். பெரியவர்கள் பேசுமிடத்தில் வந்து அமர்ந்தால், "சிறு பிள்ளைக்கு இங்கே என்ன வேலை?" என்கிறோம். சிறுவர்களோடு சேர்ந்து ஓடினால், "கழுதை வயதாகிறது, இன்னும் விளையாட்டா?" என்கிறோம். வீட்டுக் கூடத்திலும் இடமின்றி, தெருவிலும் இடமின்றி நிற்கும் இவர்களுக்கு நம் கதைகளும் திரைப்படங்களும் என்ன இடம் தந்திருக்கின்றன என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

பழைய இலக்கியத்திலிருந்து தொடங்குவது மேடையின் மரபு. நானும் அதை மீறவில்லை. குழந்தையை நுணுகிப் பார்ப்பதில் நம் புலவர்களுக்கு நிகர் அவர்களே. பிள்ளைத்தமிழ் காப்பு முதலாகப் பத்துப் பருவங்களை வகுத்தது. தாலாட்டினார்கள், சப்பாணி கொட்டச் சொன்னார்கள், அம்புலியை விளையாட அழைத்தார்கள். ஆண் குழந்தை சிறுதேர் உருட்டியதும் நூல் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டால் விடையில்லை. உலா நூல்களில் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவப் பெண்கள் வருகிறார்கள். மங்கையும் மடந்தையும் அங்கே உண்டு. ஆனால் அவர்கள் வருவது, வீதியில் பவனி வரும் தலைவனைக் கண்டு மயங்குவதற்காகவே. இளமை என்றால் காதல் என்ற கணக்கு அன்றே எழுதப்பட்டுவிட்டது.

அந்தக் கணக்கைத்தான் திரைப்படமும் தொடர்ந்தது. 1981இல் மட்டும் 'அலைகள் ஓய்வதில்லை', 'பன்னீர் புஷ்பங்கள்' என்று இளம் வயதினர் காதலைச் சொல்லும் இரண்டு படங்கள் வந்து பெரும் பெயர் பெற்றன. 2004இல் வந்த 'காதல்', பள்ளி மாணவி ஒருத்தியும் வண்டி பழுதுபார்க்கும் இளைஞன் ஒருவனும் சாதியின் முன் என்ன ஆனார்கள் என்பதைக் கூசாமல் காட்டிற்று. பாலு மகேந்திராவின் 'அழியாத கோலங்கள்', 1979இல் வந்தது, சற்று விலகி நின்றது. மூன்று சிறுவர்களின் நட்பையும் அவர்களுள் ஒருவனின் மறைவையும் அது சொன்னது. இவற்றை நான் குறை கூறவில்லை, நல்ல படங்கள். ஆயினும் இவற்றையே பார்த்துப் பழகிய பெற்றோராகிய நமக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. பிள்ளை முகம் வாடியிருந்தால் அதற்குக் காதல் ஒன்றே காரணமாக இருக்க முடியும் என்று முடிவு கட்டிவிடுகிறோம். உடனே கைப்பேசியைப் பிடுங்கிப் பார்க்கிறோம்.

உண்மையில் அவர்களை உறங்கவிடாமல் செய்வது எது? கேட்டால் சொல்வார்கள், கேட்கத்தான் ஆளில்லை. வகுப்பில் புதிய ஆசிரியர் வருகைப் பதிவைப் படிக்கையில் தன் பெயரில் வந்து தடுக்கி விழுவார், எல்லோரும் சிரிப்பார்கள் என்ற அச்சம். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்ற குழப்பம். உணவு டப்பாவைத் திறந்தால் புளியோதரை மணக்குமே என்ற கூச்சம். 'மதராசி' என்று ஒருவன் அழைக்கும்போது சிரித்துவிடுவதா, சண்டையிடுவதா என்ற போராட்டம். விடுமுறையில் ஊருக்குப் போனாலோ, "இந்திக்காரப் பிள்ளை வந்திருக்கிறது" என்ற வரவேற்பு. இவை அற்பமானவை என்று நமக்குத் தோன்றலாம். பிறர் நடுவே தனக்கு ஓர் இடம் உண்டா என்ற ஒரே கேள்விதான் இத்தனை வேடங்களில் வருகிறது. அந்த வயதில் அதைவிடப் பெரிய கேள்வி கிடையாது.

இந்தக் கேள்வியை எழுதிய நாவல் தமிழில் இருக்கிறது. அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு', 1977இல் வெளிவந்தது. ஆசிரியர் 1931இல் செகந்தராபாத்தில் பிறந்தவர். தந்தையார் மறைந்தபின் 1952இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தவர். நாவலின் நாயகன் சந்திரசேகரன் நிஜாம் ஆட்சியின் கீழிருந்த செகந்தராபாத்தில், இரயில்வே ஊழியர் குடியிருப்பில் வளரும் தமிழ்ப் பையன். தந்தைக்கு வேலை அங்கே. ஆகவே குடும்பமும் அங்கே. நம்முள் எத்தனை பேருடைய கதை இது! அவனுக்குக் கிரிக்கெட் உண்டு, சைக்கிள் உண்டு, கல்லூரி உண்டு, பல மொழி பேசும் அண்டை வீட்டார் உண்டு. அவன் வீரனும் அல்லன், கெட்டவனும் அல்லன். ஆட்டத்தில் தன்னைச் சேர்த்துக்கொள்வார்களா என்பதே பல நாள் அவன் கவலை. இதற்கிடையில் நாடு விடுதலை பெறுகிறது. சமஸ்தானம் இந்தியாவோடு இணையுமா என்ற கேள்வி எழுகிறது. ரஜாக்கர்களின் கொடுமை மூள்கிறது. 1948 செப்டம்பரில் இந்தியப் படை நுழைந்து ஐந்தே நாளில் நிலைமை தலைகீழாகிறது. நேற்றுவரை அஞ்சியவர்கள் இன்று அச்சுறுத்துகிறார்கள்.

அந்நூலின் இறுதிக் காட்சியை ஒருமுறை படித்தவர் மறக்க இயலாது. கலவர இரவில் ஓடிவரும் சந்திரசேகரன் ஒரு முஸ்லிம் வீட்டினுள் புகுந்துவிடுகிறான். தங்களைத் தாக்க வந்தவன் என்று எண்ணி அவ்வீட்டார் நடுங்குகிறார்கள். ஏறக்குறைய அவன் வயதே ஆன அவ்வீட்டுப் பெண், குடும்பத்தைக் காக்கத் தன்னையே கொடுக்க முன்வருகிறாள். அவன் அருவருப்பும் வெட்கமும் தாங்காமல் அங்கிருந்து ஓடுகிறான். தனக்கென ஓர் இடம் தேடித் திரிந்த பையன், பிறர் கண்ணில் தான் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதை ஒரே கணத்தில் கண்டுவிடுகிறான். இளமையைக் குறித்து இவ்வளவு கடுமையாகவும் இவ்வளவு நேர்மையாகவும் எழுதப்பட்ட பக்கம் தமிழில் வேறு உண்டா என்பது எனக்கு ஐயமே.

பெண்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தாய்மார்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வந்தது. மழையில் பேருந்துக்கு நின்ற கல்லூரிப் பெண் ஒருத்தி, அறியாத ஒருவனின் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். தாய் அவள் தலையில் நீரைக் கொட்டி, நீ தூய்மையானவள் என்கிறாள். அக்காலத்தில் எழுந்த எதிர்ப்பு கொஞ்சமன்று. பிறகு அவரே, அந்தத் தாய் அவ்வாறு செய்யாமல் ஊரறிய அழுதிருந்தால் என்ன ஆகும் என்று எண்ணி எழுதியதுதான் 1972ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அதில் அண்ணன் அவளை வீட்டைவிட்டு விரட்டுகிறான். பெண் ஒருத்திதான், மழையும் ஒன்றுதான். வீட்டார் அந்த ஒரு மாலையில் நடந்துகொண்ட விதம் மாறியது, வாழ்க்கை மாறிற்று. இதை எழுதியவருக்குப் பெற்றோர் கடன்பட்டிருக்கிறோம்.

2025இல் இங்கிலாந்திலிருந்து 'அடோலசென்ஸ்' என்ற தொடர் வந்தது; நான்கே பகுதிகள். 13 வயதுப் பையன் உடன் பயிலும் பெண்ணைக் கொன்றதாகக் கைதாகிறான். தன் அறைக்குள் இருக்கிறான், ஆகவே பத்திரமாக இருக்கிறான் என்று பெற்றோர் நம்பியிருந்தனர். நம் குடியிருப்பிலும் கதவுகள் சாத்தியே இருக்கின்றன.

இனி, என் மனத்தை உறுத்துவதைச் சொல்கிறேன். வெளியூரில் வளரும் தமிழ்ப் பிள்ளையின் கதையைத் தமிழில் ஒருவர் எழுதிவைத்தார். அந்தப் பிள்ளைகளுக்கோ, பள்ளியில் தமிழ் பயிலும் சிலர் நீங்கலாக, தமிழ் படிக்கத் தெரியாது. ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, படிக்கட்டும். ஆனால் உருதும் தெலுங்கும் ஆங்கிலமும் ஒலிக்கும் தெருவில் ஒருவன் தன் மனத்துக்குள் மட்டும் தமிழில் எண்ணிக்கொண்டு நடப்பதை ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பது?

எழுத்து தெரியாவிட்டாலும் நம் பிள்ளைகளின் காதுக்குத் தமிழ் தெரியும். ஆகவே சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மாதந்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் நூலகத்தில் இந்நாவலைப் பெரியவர் ஒருவர் உரக்கப் படிக்கட்டும். ஒரு தடவைக்குப் பத்துப் பக்கம் போதும். படித்து முடித்தபின் பிள்ளைகள் பேசட்டும்; இந்தியிலோ ஆங்கிலத்திலோ, வாய்க்கு வந்த மொழியில் பேசட்டும். அந்த அரை மணி நேரம் பெற்றோர் குறுக்கே ஒரு சொல்லும் பேசலாகாது. முதல் மாதம் படிப்பதற்கு நான் வருகிறேன்.