தென்பெண்ணையும் ஒரு நாகரிகத்தின் ஆறுதான்

(தருமபுரி மாவட்டப் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத தோழர்களுக்காக இங்கே பதிவிடுகிறோம்.)



உங்க வீட்டுல பள்ளிக்கூடம் போற பிள்ளை இருந்தா, அதோட சமூக அறிவியல் புத்தகத்தை ஒருமுறை வாங்கிப் பாருங்க. ஆற்றங்கரை நாகரிகம்னு ஒரு பாடம் இருக்கும். நைல், யூப்ரடீஸ் - டைக்ரிஸ், சிந்து, மஞ்சள் ஆறு. நாமும் அதைத்தான் மனப்பாடம் பண்ணினோம், நம்ம பிள்ளையும் அதைத்தான் பண்ணுது. படிச்சு முடிச்சதும் அந்தப் பிள்ளை மனசுல என்ன பதியுது? நாகரிகம் எங்கேயோ பிறந்தது, நாம இருக்கிறது பின்தங்கிய மாவட்டம், பிளஸ் டூ முடிச்சதும் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ பஸ் ஏறணும். இதுதான் பதியுது. அதனாலதான் இன்னைக்கு இந்தத் தலைப்பை எடுத்தேன்.

முதல்ல அந்த நாலு ஆறுகளைப் பற்றிக் கொஞ்சம் பேசிடுவோம். பெரிய ஆறு இருந்துச்சு, மண் வளமா இருந்துச்சு, அதனால நாகரிகம் வந்துச்சுன்னு எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். நைல் நதியில் வெள்ளம் கோடையின் கடைசியில் வரும், வடிந்ததும் விதைக்கலாம். ஆறே விவசாயியோட நாள்காட்டிக்கு ஒத்துப்போனது. ஆனால் இன்றைய ஈராக்கில் ஓடுகிற யூப்ரடீஸ், டைக்ரிஸ் அப்படி இல்லை. மலைப்பனி உருகி, பயிர் முற்றி நிற்கிற நேரத்தில் வெள்ளம் வரும். தண்ணி வேணும்கிறப்ப இருக்காது, வேண்டாங்கிறப்ப வந்து அழிக்கும். நம்ம ஊர் விவசாயிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை! அந்த ஆற்றங்கரையில்தான் சுமேரிய மக்கள் கரை கட்டினார்கள், கால்வாய் வெட்டினார்கள், எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைத்தார்கள். விளைந்ததைச் சேர்த்துவைக்க கிடங்கு, கிடங்குக்குக் கணக்கு, கணக்கு எழுத களிமண் பலகை. அங்கே கிடைத்த மிகப் பழைய எழுத்துகளில் பெரும்பாலானவை காவியமோ அரசன் புகழோ இல்லைங்க. தானியக் கணக்கும் ஆட்டுக் கணக்கும்தான்.

சிந்துவெளியிலும் அதேதான். 1924 செப்டம்பர் 20 அன்று ஜான் மார்ஷல் அந்தக் கண்டுபிடிப்பை உலகத்துக்கு அறிவித்தார். அங்கே வியப்பூட்டுவது அரண்மனை அல்ல. 4:2:1 என்று ஒரே விகிதத்தில் செங்கல், ஊருக்கு ஊர் ஒத்துப்போகிற எடைக்கல், வீட்டுக்கு வீடு சாக்கடை. குஜராத்தின் தோலாவிராவில் மழை வந்தால் மட்டும் ஓடுகிற இரண்டு ஓடைகளை மறித்து, பெரிய பெரிய நீர்த்தேக்கங்களை வெட்டி வைத்திருந்தார்கள். அந்த ஊருக்குப் பக்கத்தில் வற்றாத ஆறு எதுவும் கிடையாது. வறண்ட பூமியிலும் நகரம் எழும்பும் என்பதற்கு 4,500 வருஷத்துக்கு முந்தைய சாட்சி அது.

இப்ப நம்ம ஆற்றுக்கு வாங்க.

தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, ஓசூர் கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணை வழியாக நம் மாவட்டத்துக்குள் வந்து, சாத்தனூர், திருக்கோவிலூர் தாண்டி கடலூரில் கடலில் சேர்கிறது. பனிமலை கிடையாது. மழை பெய்தால் ஆறு, பெய்யலைன்னா மணல். இந்தப் படுகையில் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை இருக்கிறது. 2004-ல் கிருஷ்ணகிரி பிரிகிற வரைக்கும் அது நம்ம தருமபுரி மாவட்டம்தான். அங்கே 2021-ல் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. நுண்கற்கருவி வைத்திருந்த மக்கள், கல்லைத் தேய்த்துக் கோடரி செய்த புதிய கற்கால மக்கள், அவர்களுக்குப் பின் கருப்பு-சிவப்புப் பானையும் இரும்பும் கொண்ட மக்கள் என்று அடுக்கடுக்காகத் தடயங்கள் கிடைத்தன. இரும்பு கிடைத்த அடுக்கில் இருந்த கரியைச் சோதித்தபோது கி.மு. 2172 என்று காலம் வந்தது. 2022 மே மாதம் சட்டமன்றத்திலேயே அது அறிவிக்கப்பட்டது. அதற்குப் பின் 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் காலக்கணிப்பு கி.மு. 3345 வரை பின்னால் போனது.

இங்கே ஒரு விஷயம், நம்ம இணைய அணித் தோழர்களுக்காகவே சொல்றேன். இதை எடுத்துக்கிட்டு, உலகத்துக்கே இரும்பு கொடுத்தவன் தமிழன், மற்றவன் எல்லாம் காட்டுவாசி என்று படம் போட்டுப் பரப்பாதீங்க. காலம் கணித்தது இரும்போடு கிடைத்த கரியையும் பானையோட்டையும் மண்ணையும் வைத்து. இன்னும் பல இடங்களில் தோண்டி, பல ஆய்வகங்களில் சோதித்து உறுதிப்படுத்த வேண்டிய வேலை அது. நாமே ஊதிப் பெருக்கினால் நாளைக்கு உண்மையைச் சொல்லும்போதும் நம்ப மாட்டார்கள். உள்ளதைச் சொன்னாலே போதும், அதுவே பெருசு. சிந்துவெளியில் நகரங்கள் வெண்கலக் கருவிகளோடு இயங்கிக்கொண்டிருந்த காலத்தை ஒட்டி, இந்தப் பாறைக் காட்டில் ஒருவன் உலை வைத்து இரும்பை உருக்கத் தெரிந்திருக்கிறான் என்றால், அது சின்னச் செய்தியா?

ஏன் இங்கே? மூலப்பொருள் காலடியில் இருந்தது. தீர்த்தமலைப் பக்கமும் சேலம் கஞ்சமலையிலும் காந்த இரும்புத்தாது இருக்கிறது. கரிக்கு மலைக்காடு. இன்றைக்கும் நம்ம பக்கத்துக் காடுகளில் ஏர் ஓட்டும்போது கருப்பாக, கனமாக, ஓட்டை ஓட்டையாக ஒரு கட்டி வரும். இரும்புக் கிட்டம். பலர் அதைக் கல்லுன்னு நினைச்சு வரப்புல எறிஞ்சுடுறாங்க. ஏதோ ஒரு காலத்து உலையின் கழிவு அது. இரும்பு வந்ததும் காடு திருத்துவதும், கடினமான மண்ணை உழுவதும், ஏரிக்கு மண் வெட்டுவதும் கைகூடியது. இங்கே நெல்லும் கோதுமையும் முதலில் வரவில்லை. மாடும், கொள்ளும், சிறுதானியமும்தான் இந்த மேட்டுநில வாழ்க்கையின் அடித்தளம். இன்றைக்கும் நம்ம வீட்டுக் கொள்ளுக்குழம்புக்குப் பின்னால் நாலாயிரம் வருஷம் இருக்கு.

தருமபுரியின் இன்றைய எல்லைக்குள்ளேயே மோதூரில் மாநிலத் தொல்லியல் துறை இருபது ஆண்டுகளுக்கு முன் அகழாய்வு செய்து, புதிய கற்காலத்தையும் இரும்புக் காலத்தையும் கண்டது. கீழடியைத் தெரிந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மோதூரைத் தெரியும்? கேட்டுப் பாருங்க.

அதன்பின் அதியமான் வருகிறார். தகடூர்தான் இன்றைய தருமபுரி. அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, அவர் எல்லைக்கு அப்பால் இருந்த அரசுகளாகச் சோழரையும் பாண்டியரையும் கேரளரையும் சொல்லும்போது சத்தியபுத்திரரையும் சேர்த்துச் சொல்கிறது. அந்தச் சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் அடித்துக்கொண்டார்கள். 1981-ல் திருக்கோவிலூருக்குப் பக்கத்தில் ஜம்பையில் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி என்று அதில் பெயரே இருந்தது. விவாதம் ஏறக்குறைய முடிந்தது. அந்த ஜம்பை எங்கே இருக்கு? தென்பெண்ணைப் படுகையில்தான்! அதியமானின் முன்னோர் கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் என்று சங்கப் பாடல் சொல்கிறது. கரும்புக்குத் தண்ணி வேணும். இன்றைக்கு அதே மண்ணில் பாலக்கோட்டில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கு. மழை பொய்த்த ஆண்டுகளில் ஆலைக்குக் கரும்பு இல்லை.

இப்ப நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்துட்டேன்.

கி.மு. 2500-ஐ ஒட்டி, சுமேரியாவில் உம்மா, லகாஷ் என்று இரண்டு நகரங்கள். எல்லையில் ஒரு வளமான நிலம், அதற்குப் பாயும் கால்வாய். மேல்மடையில் இருந்தது உம்மா, கீழ்மடையில் லகாஷ். நடுவர் வைத்து எல்லைக்கல் நட்டார்கள், கல்லைப் பிடுங்கினார்கள், போர் நடந்தது. அந்தப் போரைச் செதுக்கிய கல் இன்றைக்கும் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆற்றங்கரை நாகரிகம் பிறந்தபோதே மேல்மடை-கீழ்மடைச் சண்டையும் கூடவே பிறந்துவிட்டது, தோழர்களே.

நமக்கு அது புத்தகச் செய்தி இல்லை. தென்பெண்ணையின் துணையாறான மார்க்கண்டேய நதியில் யார்கோளில் கர்நாடகம் அணை கட்டியது. தடை கேட்டுத் தமிழ்நாடு போட்ட மனுவை 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்து, நடுவர் மன்றம் கேட்டுப் போகச் சொன்னது. வருகிற தண்ணியாவது சுத்தமாக இருக்கா? கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை வெள்ளையாக நுரை பொங்குவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீங்க. அது பெருநகரத்தின் கழிவு. நாலாயிரம் வருஷம் மனிதனை வாழவைத்த ஆறு இப்படி நுரை தள்ளுது.

இன்னொரு பக்கம் காவிரி. பிலிகுண்டுலுவில் நுழைந்து ஒகேனக்கல்லில் விழுந்து மேட்டூருக்குப் போகிறது. நம்ம மாவட்டத்தின் ஓரத்தை உரசிக்கொண்டு ஓடுகிறது, நம்ம ஏரிக்கு ஒரு சொட்டு வருவதில்லை. நிலத்தடி நீரில் புளோரைடு; பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பின் குடிக்கிற தண்ணிக்கு ஒரு வழி பிறந்தது. பயிருக்கு வழி பிறக்கலை.

இதில் நாம நேர்மையா இருக்கணும். காவிரியில் டெல்டா விவசாயிக்கு நாம் மேல்மடைக்காரர்கள். யார்கோளில் நமக்கு எது வலிக்கிறதோ, அதை நாமே தஞ்சாவூர்க்காரருக்குச் செய்யக் கூடாது. அதனால நம்ம கோரிக்கை அளவோடதான்: மேட்டூர் நிரம்பி, உபரி கடலுக்குப் போகிற நாட்களில், அந்த உபரியில் ஒரு பங்கை ஏற்றி நம் ஏரிகளுக்கு விடுங்கள். கீழ்மடைக்காரரின் சொட்டு நீரையும் நாம் தொடவில்லை. தஞ்சைத் தோழர்களிடமே போய் இதைப் பேசலாம், பேசணும்.

தண்ணி வந்தா நிறுத்த இடம் இருக்கான்னு கேப்பாங்க. அது நியாயமான கேள்வி. 2024 டிசம்பரில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. தென்பெண்ணையில் வெள்ளம் புரண்டது; ஊருக்குள் வந்த வெள்ளம் வண்டிகளை அடித்துக்கொண்டு போனது. அத்தனையும் போச்சு. வரத்துக் கால்வாய் தூர்ந்து, ஏரிக்குள் சீமைக்கருவேலம் காடாக நிற்கும்போது எவ்வளவு மழை பெய்து என்ன?

ஒரு வேலை சொல்றேன். உங்க ஊர் வேடியப்பன் கோயிலுக்குப் போங்க. சாமியாகக் கும்பிடுகிற அந்தக் கல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. வில்லும் வாளும் ஏந்தின வீரன் இருப்பான், சிலதில் மேலே வட்டெழுத்து இருக்கும். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நட்ட நடுகல் அது. எண்ணெய் பூசி, பெயின்ட் அடித்து எழுத்தை மறைச்சிடாதீங்க. படம் எடுங்க. ஊர் ஏரியின் பெயர், அதன் வரத்துக் கால்வாய் எங்கே தொடங்குது, எங்கே அடைபட்டிருக்கு என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்க. காட்டில் கிட்டம் கிடைச்சா இடத்தைக் குறிச்சு வைங்க. தோண்டாதீங்க, அது தொல்லியல் துறையின் வேலை. எல்லாத்தையும் உங்க ஒன்றியச் செயலாளரிடம் கொடுங்க. மாவட்ட ஆட்சியரிடம் நாம் கொடுக்கப்போகிற மனுவில், மோதூர் மாதிரி இன்னும் எங்கெங்கே அகழாய்வு வேண்டும், எந்தெந்த ஏரிக்கு உபரிநீர் வேண்டும் என்று ஊர்ப் பெயரோடு இருக்கணும்.

பாலக்கோடு, பென்னாகரம் தோழர்கள் முதலில் கொடுத்தால் நல்லது. அங்கேதான் ஏரிக் கணக்கு அதிகம் சிக்கலாக இருக்கு.