வெட்டுகிற கத்தி எந்தப் பக்கம் பாய்கிறது?

(சென்னிமலையில் இளைஞர்களும் வியாபாரிகளும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



இந்தக் கூட்டத்திற்கு வருமுன் கடைவீதியில் ஒரு சகோதரரின் கடையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். போர்வை, துண்டு மொத்த வியாபாரம் செய்பவர். ஜகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிற நல்ல மனிதர். பேச்சுவாக்கில் சொன்னார்: "எல்லாத்தையும் சும்மா குடுத்தே நாட்டைக் கெடுத்துப் போட்டாங்க ஹஜ்ரத். அமெரிக்காவுல பாருங்க, அரசாங்கச் செலவை ஒரே வெட்டா வெட்டறானுங்க. நம்ம ஊருக்கும் அப்படி ஒருத்தன் வரோணும்."

பக்கத்தில் இருந்த இளைஞர் கேட்டார்: "அமெரிக்கா சங்கதி நமக்கெதுக்குங்க பாய்?"

இருவருக்கும் சேர்த்தே இன்று பதில் சொல்ல நினைக்கிறேன்.

முதலில் இளைஞருக்கு. 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருட்கள் பெரும்பாலானவற்றின் மீது அமெரிக்கா 50 சதவீத வரியை அமல்படுத்தியது. திருப்பூர் பனியனும் கரூர் வீட்டு உபயோகத் துணியும் அந்த வரிக்குள் வந்தன. திருப்பூரில் ஆர்டர் நின்றால் இங்கிருந்து பஸ் ஏறி வேலைக்குப் போகிறவர் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? அந்த வரி ஏறலாம், இறங்கலாம். ஆனால் வாஷிங்டனில் ஒருவர் போடும் கையெழுத்து கொங்கு நாட்டுத் தொழிலாளியின் சம்பளக் கவரைத் தொடுகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டோம். ஆகவே அது நம் சங்கதிதான்.

கடனைப் பற்றிய கவலை நியாயமானது

இப்போது வியாபாரிச் சகோதரருக்கு. அமெரிக்காவில் தங்களைக் 'கன்சர்வேடிவ்' என்று சொல்லிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். தமிழ்ப் பத்திரிகைகள் 'பழமைவாதிகள்' என்று எழுதும். அரசாங்கம் சிறியதாக இருக்கவேண்டும், வரி குறைவாக இருக்கவேண்டும், வருமானத்திற்கு மேல் செலவு கூடாது, நாடு தவறான பாதையில் போகிறது. இதுதான் அவர்களுடைய பேச்சின் சாரம்.

இதில் நியாயமே இல்லையா? இருக்கிறது. அமெரிக்க அரசின் கடன் 2024 நவம்பரில் 36 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. 2025 ஆகஸ்டில் 37, அக்டோபரில் 38. கடன் தர நிறுவனங்கள் மூன்றும் 2011, 2023, 2025 ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக அந்நாட்டை முதல் தரத்திலிருந்து இறக்கின. வட்டி எவ்வளவு பெரிய தீமை என்பதை இந்தச் சபைக்கு விளக்க வேண்டியதில்லை. பழைய கடனுக்கு வட்டி கட்டவே புதிய கடன் வாங்குகிற கடைக்காரர் எங்கே போய் நிற்பார் என்பது உங்களுக்குத் தெரியும்.

நம் வீட்டுக் கணக்கும் அழகாக இல்லை. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, மாநிலத்தின் கடன் சுமார் 5 லட்சத்து 70 ஆயிரம் கோடி ரூபாய் என்றும், குடும்பம் ஒன்றின் தலையில் 2,63,976 ரூபாய் என்றும் கணக்குச் சொன்னது. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தக் கணக்கைக் கேட்கத்தான் வேண்டும்.

கத்தி எங்கே மழுங்குகிறது?

ஆனால் சகோதரர்களே, செலவை வெட்டுகிறேன் என்று சொல்பவரின் கையைப் பார்க்காதீர்கள். கத்தி விழுகிற இடத்தைப் பாருங்கள்.

பழமைவாதிகள் இன்றும் கொண்டாடுகிற ரீகன் 1981-ல் ஆட்சிக்கு வந்தார். வரியைக் குறைத்தார், ராணுவச் செலவைக் கூட்டினார். 1989-ல் அவர் இறங்கியபோது நாட்டின் கடன் ஏறக்குறைய மூன்று மடங்காகியிருந்தது. 2003-ல் இராக் மீது படையெடுத்தார்கள். இல்லாத ஆயுதத்தைத் தேடிப் போன அந்தப் போருக்குப் பணம் எங்கிருந்து வந்தது? கடனிலிருந்து!

2025 ஜனவரியில் ட்ரம்ப் மீண்டும் பதவியேற்றதும், செலவை வெட்டுவதற்கென்றே உலகின் பெரும் பணக்காரரான எலான் மஸ்க்கை வைத்தார். 2 லட்சம் கோடி டாலர் மிச்சமாகும் என்று தேர்தலுக்கு முன்பே மஸ்க் பேசியிருந்தார். நடந்தது என்ன? ஏழை நாடுகளுக்கு மருந்தும் உணவும் அனுப்பி வந்த யு.எஸ்.எய்ட் நிறுவனம் மூடப்பட்டது. வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்த அதே உத்தரவில் இஸ்ரேலுக்கான ராணுவ உதவிக்கு விலக்கு! 2016-ல் செய்த ஒப்பந்தப்படி பத்தாண்டுகளுக்கு 3,800 கோடி டாலர். காஸாவின் பிள்ளைகள் மீது குண்டு விழுந்த நாட்களிலும் அந்தச் செலவு 'வீண்செலவு' ஆகவில்லை.

அதோடு நின்றதா? அதே ஆண்டு ஜூலை 4-ல் ஒரு பெரிய சட்டத்தில் ட்ரம்ப் கையெழுத்திட்டார். ஏழைகளின் மருத்துவ உதவியிலும் உணவு உதவியிலும் வெட்டு, செல்வந்தர்களுக்குப் பெரும் வரிச்சலுகை, ராணுவத்திற்குக் கூடுதல் பணம். இதனால் பத்தாண்டுகளில் பற்றாக்குறை 3.4 லட்சம் கோடி டாலர் கூடும் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகமே மதிப்பிட்டது. ஏழையின் தட்டிலிருந்து எடுத்தும் கடன் குறையவில்லை. அப்படியென்றால் வெட்டியது எதற்காக? சிந்திக்க வேண்டாமா?

எதிர்த்தரப்பு ஆண்டபோதும் கடன் ஏறத்தான் செய்தது. பழமைவாதிகள் எல்லோரும் ஒரே அச்சிலும் இல்லை. ரான் பால் என்ற குடியரசுக் கட்சி உறுப்பினர் 2002-ல் இராக் போர்த் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தார். அரசாங்கச் செலவு கூடாது என்றால் போர்ச் செலவும் கூடாது என்பது அவர் வாதம். கருத்து வேறுபாடு இருந்தாலும் அந்த நேர்மையை மதிக்கலாம்.

நம் மண்ணில் ஒரு பழமைவாதி

இந்தக் கொள்கை நமக்குப் புதிதல்ல. ராஜாஜி 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியது இதே வாதத்தோடுதான். பெர்மிட், லைசென்ஸ், கோட்டா என்று அரசாங்கம் வியாபாரியின் கழுத்தை நெரிக்கக்கூடாது என்றார். 1967 தேர்தலில் அண்ணா அமைத்த அணியில் சுதந்திராக் கட்சியும் இருந்தது, கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் தலைமையிலான முஸ்லிம் லீக்கும் இருந்தது.

ராஜாஜியின் நல்லதைச் சொல்வோம். 1937-ல் சென்னை மாகாணப் பிரதமரானதும் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். வருமானம் போகும் என்றார்கள். போகட்டும் என்றார். அந்த இழப்பை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரிச் சட்டம் போட்டார். வரியே பிடிக்காதவர், மக்கள் குடிக்காமலிருக்க வரி போட்டார்! இன்று டாஸ்மாக் வழியாக ஆண்டுக்கு 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் பார்க்கிற காலத்தில் அதை நினைத்துப் பாருங்கள். 1962-ல், தள்ளாத வயதில், அமெரிக்காவுக்கே போய் ஜனாதிபதி கென்னடியைச் சந்தித்து, அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள் என்று வாதாடியவரும் அவர்தான்.

அவர் தவறியதையும் சொல்லவேண்டும். 1953-ல் பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று திட்டம் போட்டார். கூடுதல் செலவில்லாமல் அதிகப் பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம் என்பது கணக்கு. ஆனால் அதன் பொருள் என்ன? சென்னிமலை நெசவாளியின் மகன் மதியம் குழித்தறிக்குப் போகவேண்டும். வக்கீல் மகன்? 'குலக்கல்வி' என்று நாடே எதிர்த்தது. 1954-ல் காமராசர் வந்ததும் அது கைவிடப்பட்டது. 1956-ல் காமராசர் மதிய உணவு தொடங்கினார். அப்போதும் பணம் ஏது என்ற கேள்வி வரத்தான் செய்தது. அன்று கஜானாவைப் பூட்டியிருந்தால் இந்தச் சபையில் எத்தனை பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்திருக்கும்?

இலவசமா, கூலியா?

'சும்மா குடுக்கறாங்க' என்றாரே சகோதரர், அதற்கு வருகிறேன். 1983-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய வேட்டி சேலைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு வாங்குகிறவருக்கு அது இலவசம். அதை நெய்தவருக்கு? கூலி! ஈரோடு மாவட்டத்துத் தறிகள் பல, அந்த ஆர்டரை நம்பித்தான் மாதக்கணக்கில் ஓடுகின்றன. தறி ஓடினால்தான் நூல்காரருக்கும் சாயக்காரருக்கும் பணம் புரளும். 1985-ல் வந்த கைத்தறி ரகங்கள் ஒதுக்கீட்டுச் சட்டம், தறிகளுக்கான இலவச மின்சாரம் எல்லாம் அரசாங்கம் 'தலையிட்டதால்' வந்தவை. அத்தனையையும் வெட்டிவிட்டால் சென்னிமலைப் போர்வையை யார் நெய்வது? நெசவாளி கையில் காசு இல்லையென்றால் உங்கள் கடைக்கு யார் வருவது?

வீணான இலவசம் இல்லையா? இருக்கிறது. ஓட்டுக்காகக் கொடுப்பதை வெட்டுங்கள். காண்டிராக்டில் கமிஷன் அடிப்பதை வெட்டுங்கள். விழாவுக்கும் விளம்பரத்திற்கும் கொட்டுவதை வெட்டுங்கள். பிள்ளையின் சோற்றையும் புத்தகத்தையும் தொடாதீர்கள்.

நம் பிள்ளைகளின் ஆயிரம் ரூபாய்

இது வெறும் தத்துவம் அல்ல, சகோதரர்களே. சச்சார் குழு 2006-ல் நம் நிலையைப் படம் பிடித்துக் காட்டிய பின் சிறுபான்மை மாணவர்களுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை வந்தது. தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய். 2022-ல் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை அது நிறுத்தப்பட்டது. அந்த வகுப்புகளுக்குக் கல்வி ஏற்கெனவே இலவசம் என்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையும் நின்றது. வேறு திட்டங்கள் இருக்கின்றன என்றார்கள்.

2019-ல் கம்பெனிகளின் வரியை 30 சதவீதத்திலிருந்து 22-ஆகக் குறைத்தபோது, ஆண்டுக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வருமானம் குறையும் என்று அரசே அறிவித்தது. அதற்குக் கஜானாவில் இடமிருந்தது. நம் பிள்ளையின் ஆயிரம் ரூபாய்க்கு மட்டும் இடமில்லாமல் போனதா? அமெரிக்காவில் விழுந்த அதே கத்தி, அதே பக்கம்!

நாம் செய்ய வேண்டியது

வீண்விரயமும் கூடாது, கஞ்சத்தனமும் கூடாது, இரண்டுக்கும் நடுவில் நில்லுங்கள் என்பது நமக்குச் சொல்லித்தரப்பட்ட வழி. பொதுப்பணம் அமானிதம். ஆகவே 'நாடு கெட்டுவிட்டது' என்று தேநீர்க் கடையில் புலம்புவதை விட்டுவிட்டு மூன்று காரியங்கள் செய்வோம்.

ஒன்று: இளைஞர்களே, தகவல் உரிமைச் சட்டம் 2005 உங்கள் கையில் இருக்கிறது. கட்டணம் பத்து ரூபாய். பேரூராட்சியில் எந்தத் தெருவுக்கு எவ்வளவு செலவானது என்று எழுதிக் கேளுங்கள். எந்தக் கட்சியின் ஆட்சி என்று பார்க்காமல் கேளுங்கள்.

இரண்டு: வியாபாரிகளே, நிறுத்தப்பட்ட உதவித்தொகை திரும்ப வரும்வரை ஜமாஅத்தில் ஒரு கல்வி நிதி வையுங்கள். அரசிடம் உரிமையைக் கேட்பதை நிறுத்தவும் வேண்டாம், அதுவரை பிள்ளையைக் காக்கவைக்கவும் வேண்டாம்.

மூன்று: முதலில் நம் கணக்கு. பள்ளிவாசல் வரவு செலவை மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். ஒரு நாள் கல்யாணத்திற்குப் பத்து வருட வருமானத்தைக் கொட்டிவிட்டு அரசாங்கத்தின் வீண்செலவைப் பேச நமக்கு வாய் ஏது?

கொடி காத்த குமரன் பிறந்த ஊர் இது. அந்த இளைஞர் அந்நிய ஆட்சியிடம் தன் மண்ணின் உரிமையைக் கேட்டு 1932-ல் அடிபட்டுச் செத்தார். நாம் கேட்கப்போவது கணக்கைத்தான். அதற்குக்கூடத் துணிவில்லையென்றால் எப்படி?

அந்தச் சகோதரர் இந்தச் சபையில்தான் உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் அவர் கடையில் இன்னொரு தேநீர் குடிக்கலாம் என்றிருக்கிறேன். கல்வி நிதிக்கு முதல் பெயர் அவருடையதாக இருக்கும் என்ற நம்பிக்கையோடு முடிக்கிறேன். வஸ்ஸலாம்.