நாயின் மூட்டுவலியும் மருந்தின் மறுபக்கமும்



மூட்டுவாத மருந்துகள் நாய்களின் வலியை எந்த அளவுக்குத் தணிக்கின்றன என்று நிறையவே எழுதிவிட்டோம். அவை செய்யக்கூடிய தீங்கைப் பேசவே இன்று கூடியிருக்கிறோம். ஒரு மருந்தைப் பற்றிய முழு உண்மை அது விற்பனைக்கு வந்த பின்னரே தெரியவருகிறது; அதை முதலில் கண்ணால் காண்பவர் நாயை வளர்ப்பவர். இந்த எண்ணத்தை முன்வைத்தே என் தலைமையுரையைத் தொடங்குகிறேன்.

நாய்களின் மூட்டுவலிக்கான கார்புரோஃபென் 1997-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. எழுந்திருக்கவே சிரமப்பட்ட கிழ நாய்கள் மறுபடி நடந்தன. மருந்து வெகுவேகமாகப் பரவியது. மறு ஆண்டே, அந்த மருந்து உட்கொண்டு கல்லீரல் பாதிக்கப்பட்ட 21 நாய்களைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. அவற்றில் 13 லாப்ரடார்கள். அந்த இனத்துக்கே ஆகாத மருந்து என்று பலர் முடிவுகட்டினார்கள். மூட்டுவாதம் மிகுதியாக வருவதும், அங்கே அதிகம் வளர்க்கப்பட்டதும் லாப்ரடார்தான். ஆகவே அந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து இனத்தின் மேல் பழிபோடுவதை நான் ஏற்கவில்லை. ஆனால் பசியின்மை, வாந்தி, மஞ்சள் காமாலை ஆகியவற்றை வீட்டில் கவனித்து மருந்தை உடனே நிறுத்தினால் பல நாய்கள் தேறிவிடும் என்பதை அந்த அனுபவம் கற்றுத்தந்தது. வளர்ப்பவர் கையில் எச்சரிக்கைத் தாள் கொடுக்கும் வழக்கம் அங்கே பிறந்ததும் இதையொட்டித்தான்.

மூட்டுவலிக்கான பெடின்வெட்மாப் ஊசியிலும் தீங்கு விற்பனைக்கு வந்த பின்னரே தெரியவந்தது. மாதம் ஒருமுறை போடும் இந்த ஊசிக்கு ஐரோப்பா 2020-இலும் அமெரிக்கா 2023-இலும் அனுமதி தந்தன. அனுமதிக்கு முந்தைய கள ஆய்வுகளில் மருந்து பெற்றவை சில நூறு நாய்களே. தள்ளாட்டம், வலிப்பு, பின்னங்கால் தளர்ச்சி, அடக்க முடியாத சிறுநீர் என்று முறையீடுகள் குவிந்த பிறகு, 2024 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கால்நடை மருத்துவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதியது. முறையீடு வந்த ஒவ்வொரு நாய்க்கும் ஊசிதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. முதுமையும் உடனிருந்த நோய்களும் கணக்கில் வர வேண்டும். ஆனால் அந்த முறையீடுகள் வராதிருந்தால் ஆராயவே வழி இருந்திருக்காது.

நம் ஊரில் ஆபத்து பெரும்பாலும் மருந்துக்கடை வழியாக வருகிறது. மனிதருக்கான மெலாக்சிகாம் மாத்திரை 15 மில்லிகிராமில் கிடைக்கிறது. நாய்க்கு முதல் நாளுக்குப் பின் நாளொன்றுக்குத் தரவேண்டியது கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். பதினைந்து கிலோ நாட்டு நாய்க்கு அந்த ஒரே மாத்திரை பத்து நாள் மருந்து! நாப்ராக்சன் இன்னும் கொடியது. மனித உடலில் அதன் பாதி அளவு ஒரு நாளுக்குள் வெளியேறிவிடும்; நாயின் உடலில் அதற்கு மூன்று நாள் ஆகலாம். இந்த மருந்துகள் வலியூட்டும் புரோஸ்டாகிளாண்டினைத் தடுக்கும்போது, இரைப்பையின் சவ்வையும் சிறுநீரக இரத்த ஓட்டத்தையும் காக்கும் புரோஸ்டாகிளாண்டினையும் சேர்த்தே தடுக்கின்றன. அதனால்தான் நீர்ச்சத்து குறைந்த நாய்க்குச் சிறுநீரகம் பழுதாகிறது. ஸ்டீராய்டு ஊசி போட்ட கையோடு இவ்வகை மாத்திரையையும் எழுதினால் குடலில் புண் விழுந்து, ஓட்டை வரைக்கும் போகிறது. இந்தச் சேர்க்கையைச் சில சீட்டுகளில் இன்றும் காண்கிறேன், மனம் பதைக்கிறது.

இதையெல்லாம் கேட்டு மருந்தே வேண்டாம் என்று யாரும் எழுந்து போய்விடக் கூடாது. வலியோடு கிடக்கும் நாய்க்கு மருந்து மறுப்பதும் கொடுமைதான். தொடங்குமுன் இரத்தப் பரிசோதனை, சில வாரங்களில் மறுபரிசோதனை, பலன் தரும் மிகக் குறைந்த அளவு, இவற்றோடு உடல் எடையைக் குறைப்பது: இவ்வளவும் நம் கைக்குள் இருப்பவை. 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்த ஆய்வில், கால்பங்கு உணவு குறைத்துக் கொடுக்கப்பட்டவற்றுக்கு மூட்டுவாதம் தாமதமாக வந்தது. ஆயுளும் ஏறத்தாழ இரண்டாண்டு கூடியது.

இக்கருத்தரங்கிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வாந்தி, கறுத்த மலம், உணவு மறுப்பு, அதிகத் தாகம் ஆகியவற்றைக் கண்டால் மருந்தை நிறுத்திவிட்டு அழையுங்கள் என்று எளிய தமிழில் ஒரு தாள் அச்சிட்டு, சீட்டோடு சேர்த்துத் தருவோம். அப்படி வரும் அழைப்புகளைத் தேதி, மருந்து, அளவு, உடனெடுத்த மருந்துகள் என்று ஒரே படிவத்தில் பதிவோம். அந்தப் படிவத்தின் வரைவை நிறைவு அமர்வில் உங்கள் முன் வைக்கிறேன், திருத்தங்களோடு வாருங்கள். இப்போது சிறுநீரகப் பாதிப்பு பற்றிய முதல் கட்டுரையை வாசிக்க அழைக்கிறேன்.