உள்ளே போனவர்



எனக்கு ஊர் சங்கரன்கோவில். எங்கள் ஊர்க் கோயிலின் ஆடித்தபசுத் திருவிழாவும் புற்றுமண் பிரசாதமும் உங்களில் பலருக்குத் தெரியும். அதே கோயிலுக்குள் பூலித்தேவர் அறை என்று ஓர் இடம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், நெற்கட்டும்செவலில் இருந்து ஆண்ட சின்னப் பாளையக்காரர் பூலித்தேவர். 1755இல் ஆற்காட்டு நவாபுக்காகக் கப்பம் கேட்டு, கிழக்கிந்தியக் கும்பினியின் கர்னல் ஹெரான் படையோடு வந்தார். பூலித்தேவர் கொடுக்கவில்லை. கோட்டையைப் பிடிக்க முடியாமல் ஹெரான் திரும்பிப் போனார். ‘நெற்கட்டும் செவல்’ அன்றைக்குத்தான் ‘நெற்கட்டான் செவல்’ ஆயிற்று என்பார்கள் எங்கள் பக்கத்தில்.

அந்தப் பாளையத்தை விழுங்கப் பன்னிரண்டு ஆண்டு பிடித்தது. மேற்குப் பாளையங்களை அவர் ஒன்று சேர்த்திருந்தார். திருவிதாங்கூரும் துணை நின்றது. கும்பினிப் படைத்தளபதி யூசுப்கான் முதலில் அந்தத் துணையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகுதான், 1761இல், நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகள் விழுந்தன. யூசுப்கான் வேறு யாருமில்லை, ராமநாதபுரம் சீமையில் பிறந்த மருதநாயகம். யாருக்காகக் கோட்டைகளைப் பிடித்துக் கொடுத்தாரோ, அவர்களே 1764இல் அவரை மதுரையில் தூக்கிலிட்டார்கள். இரண்டு பேரையும் நினைத்து என் நெஞ்சு கனக்கிறது.

பூலித்தேவர் மீண்டும் தலையெடுத்தார். 1767இல் கர்னல் கேம்பல் பீரங்கிகளோடு வாசுதேவநல்லூரை முற்றுகையிட்டார். மண்கோட்டை அது. குண்டு துளைத்த இடத்தையெல்லாம், அடுத்த குண்டு விழுவதற்குள், வைக்கோலும் பனந்தடியும் வைத்து அடைத்தார்கள் உள்ளே இருந்தவர்கள். அந்தக் கைகளைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். கடைசியில் கொட்டும் மழையில் வெளியேறி மலைக்குள் போனார்கள். 

பிறகு பூலித்தேவர் பிடிபட்டார் என்பார்கள். கொண்டுபோகும் வழியில், அம்மனைக் கும்பிட வேண்டும் என்று கேட்டாராம். சங்கரன்கோவிலில் கோமதியம்மன் முன் நின்றாராம். விலங்கு தெறித்தது, ஆளைக் காணோம் என்பது எங்கள் ஊர்ச் சொல். வரலாற்று ஆசிரியர்கள் இதை ஏற்க மாட்டார்கள். ஆனால் தூக்குமரத்தையோ சமாதியையோ காட்டாமல், எங்கள் சனங்கள் ஓர் அறையைக் காட்டுகிறார்கள்.

தபசுக்கு ஊருக்கு வந்தால் பிள்ளைகளை அங்கேயும் கூட்டிப்போங்கள். சின்ன வயதில் என்னை அதன் முன்னால் நிறுத்தி எங்கள் ஆச்சி சொன்னாள்: “உள்ள போனவுக இன்னும் வெளிய வரலய்யா.”